மாந்தளிர் சிவந்த கதை

மரமும் பூச்சியும் மனுஷரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மாமரம் பச்சையாகத்தான் துளிர்த்தது. வெற்றிலைக் கொழுந்து மாதிரி, பிறக்கும்போதே பச்சை. இப்போது வருகிறதே, செம்பு நிறத்தில், துவண்டுபோய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அந்த வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. அது தவிட்டாயி என்கிற ஒருத்தியால் வந்தது.

தவிட்டாயிக்குத் தன் பெயரைப் பிடிக்காது. அவளுடைய அம்மா அவளுக்கு முன்னால் நான்கு பிள்ளைகளைப் பெற்று நான்கையும் பறிகொடுத்தவள். ஐந்தாவதாக இவள் பிறந்ததும், எமனுக்கு நல்ல பிள்ளைகள் மேல்தான் கண் என்று நினைத்து, குளிப்பாட்டின குழந்தையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து எடுத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து, பிள்ளையை அம்மாவே திரும்ப வாங்கினாள். "இது நான் பெத்தது இல்ல. தவிட்டுக்கு வாங்குனது" என்று போகிறவர் வருகிறவர் காதிலெல்லாம் விழும்படி சொன்னாள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். தவிட்டுக்கு வாங்கினதை எமன் சீந்த மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிழிந்த துணி, எண்ணெய் காணாத தலை, பொட்டு வைத்தால் அதிலும் கரியைத் தேய்த்துக் கெடுத்து வைப்பது. "ஏ தவிடு, இங்க வா" என்பதுதான் கூப்பிடுகிற முறை. ஒரு நாளாவது "என் ராசாத்தி" என்று வாய்தவறிச் சொன்னதில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அம்மா ஒரு நாள் போய்ச் சேர்ந்தாள். தவிட்டாயிக்கு அம்மா மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை.

கல்யாணமான இரண்டாம் வருஷம் மழை பொய்த்துவிட்டது. தவிட்டாயியும் அவள் புருஷன் சடையனும் ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மூன்று ஊர்களில் தங்கப் பார்த்தார்கள். மூன்றிலும் நாலு நாளைக்கு மேல் இருக்கவிடவில்லை. நாலாவதாக ஒரு மலையடிவாரத்து ஊர். அந்த ஊர் நாட்டாமை குமராண்டி தலையில் பெரிய உருமால் கட்டிய ஆள், ஆனால் கெட்டவர் இல்லை.

"ஒம் பேரென்ன தாயி?" என்று கேட்டார்.

"மாணிக்கம்மாங்க" என்றாள் தவிட்டாயி, கண் சிமிட்டாமல். சடையன் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்ததும் மூடிக்கொண்டான்.

"எங்க ஊர்ல ஒரு மொறை இருக்கு" என்றார் நாட்டாமை. "மரத்த வளத்துக் காட்டுறவங்களுக்குத்தான் மண்ணு. அந்தா தெரியுது பாரு கல்மேடு, அதுல இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு மரத்த நிறுத்துனதில்ல. மூணாவது ஆவணி பொறக்குற அன்னைக்கு வருவேன். ஆள் ஒசரத்துக்கு ஒரு பழமரம் பச்சையா நின்னா மேடு ஒங்களுது. இல்லைன்னா நடையக் கட்ட வேண்டியதுதான். நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

தவிட்டாயி ஒரு மாங்கொட்டையை நட்டாள். அது முளைத்த அன்றைக்கே அதற்கு மரகதம் என்று பேர் வைத்துவிட்டாள். தனக்குக் கிடைக்காத பேர் இதற்காவது கிடைக்கட்டும் என்ற ஆசை. ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். ஊற்றினதோடு நிறுத்தாமல், சாயங்காலமானால் ஒவ்வொரு இலையாகக் கழுவி முந்தானையால் துடைப்பாள். இலைகள் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். "எம் மரகதத்தப் பாத்தீங்களா?" என்று ஓடைக்கு வருகிற பெண்களிடமெல்லாம் கேட்பாள். மரமும் லேசுப்பட்டதில்லை. "அம்மா, கெழக்குப் பக்கத்து எலை ரெண்டத் தொடைக்காம விட்டுட்டீங்க" என்று ஞாபகப்படுத்தும்.

மூன்றாவது வருஷம் பங்குனியில் பூச்சி வந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீண்ட மூக்கோடு ஒரு வண்டு. அதற்கு மூக்கி என்று பேர். மரகதம் ஒரு கொத்துத் துளிர்விட்டதும் மூக்கியும் அவள் கூட்டமும் இறங்கினார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கொழுந்து இலைகள் எல்லாம், அரிவாள் வைத்த மாதிரி நேராக நறுக்கப்பட்டுத் தரையில் கிடந்தன. காம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு விரற்கடை மிச்சம்.

சடையன் அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து மரத்தின் மேல் தூவினான். வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளித்தான். அவ்வளவும் சரியான காரியம்தான். ஆனால் சாயங்காலமானால் தவிட்டாயிக்குப் பொறுக்காது. "பச்சப் பிள்ளை மூஞ்சியில சாம்பலா?" என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மினுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மறுநாள் மூக்கி வருவாள்.

வைகாசித் துளிரும் போனது. ஆனித் துளிரும் போனது. பழைய இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, மரகதம் குச்சியாக நின்றது. ஆடி இருபது வாக்கில் அது சன்னக் குரலில் சொன்னது: "அம்மா, இன்னும் ஒரு தடவைதான் என்னால துளிர்க்க முடியும். அதுவும் போச்சுன்னா நான் அவ்வளவுதான்."

தவிட்டாயி அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. ஆவணி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. மரம் போனால் மேடு போகும். மேடு போனால் மறுபடி சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நிற்க வேண்டும். நேரே மரத்தடிக்குப் போய், கிளையில் உட்கார்ந்திருந்த மூக்கியைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, மூணு தடவை தின்னது பத்தாதா ஒனக்கு?"

"தின்னது கொஞ்சம்தான் ஆத்தா" என்றாள் மூக்கி, மரியாதையாகத்தான். "நான் பிள்ளைத்தாச்சி. கொழுந்து எலைக்குள்ள முட்டைய வச்சு, எலைய நறுக்கி விட்டுருவேன். அது தொட்டில் மாதிரி மெதுவாக் கீழ எறங்கும். பிள்ளைக அப்பிடியே மண்ணுக்குள்ள போயிரும். எங்க சனத்துக்கு வேற வழி தெரியாது."

"காட்டுல மரமே இல்லையா?"

"மரத்துக்கு என்ன கொறச்சல்? ஆனா இம்புட்டு மினுமினுப்பு எங்க இருக்கு? மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்தே தெரியுது. பத்தாததுக்கு நீ வேற மரகதம், மரகதம்னு தெனமும் கூப்பாடு போடுற. நாங்க யார்கிட்டயும் வழி கேக்காமயே வந்து சேந்தோம்."

தவிட்டாயிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "சாம்பல் போட்டோமே?" என்றாள்.

"மொத நாளு தும்மல் தாங்கல. சாயங்காலம் நீயே தொடச்சு விட்டுட்டியே, புண்ணியவதி."

"முத்துன எலைய ஏன் தொட மாட்டேங்குற?"

"பன்னெண்டு, பதிமூணு நாள் ஆயிருச்சுன்னா மூக்கு எறங்காது ஆத்தா."

"வாடுன எலை?"

"ச்சீ" என்றாள் மூக்கி. "செத்த எலையில முட்டைய வச்சா பிள்ளைக காஞ்சு போயிரும். அதெல்லாம் கரையானோட பங்கு. நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்." சொல்லிவிட்டு, அடுத்த துளிர் வருகிற நாளுக்குள் சனத்தைக் கூட்டிவர வேண்டும் என்று மலைப்பக்கம் பறந்துபோனாள்.

தவிட்டாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தன் அம்மா குப்பைமேட்டில் நின்றது அப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு பிள்ளைகளைப் புதைத்த கை, ஐந்தாவதை எடுத்து அழுக்கில் புரட்டியிருக்கிறது. புரட்டும்போது அந்தக் கைக்கு என்ன வலி வலித்திருக்கும். ராசாத்தி என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், பிள்ளையை எமன் கேட்டுவிடுவான் என்று, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆயுசு முழுக்கத் தவிடு, தவிடு என்று கூப்பிட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்துத் தவிட்டாயி அம்மாவுக்காக அழுதாள்.

ஐந்தாறு நாளில் மரகதத்தின் மொட்டுகள் வாய் பிளந்தன. மூக்கி இன்னும் வந்து சேரவில்லை. தவிட்டாயி ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ச் செம்மண்ணை எடுத்து, குப்பைக்குழித் தண்ணீரில் குழைத்தாள். மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவளுக்கே கை வரவில்லை. பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒவ்வொரு கொழுந்தாகப் பூசினாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? நாத்தம் கொடலப் புடுங்குது" என்றது மரம்.

மேற்கே மலைப்பக்கமிருந்து ரீங்காரம் கேட்டது. விளக்கம் சொல்ல நேரமில்லை. சொன்னாலும் மூக்கியின் காதில் விழுந்துவிடும்.

"வாய மூடு" என்றாள் தவிட்டாயி. "நீ குப்பை."

"நான் மரகதம்."

"நான் ஒனக்கு அம்மாவும் இல்ல. ஒன்னயத் தவிட்டுக்கு வாங்குனேன்."

தன் அம்மாவின் குரல் தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மரகதம் அதற்குமேல் பேசவில்லை. ரோஷக்கார மரம். செம்மண் பூசின கொழுந்துகள் அத்தனையும் அப்படியே துவண்டு, தலையைத் தொங்கப்போட்டுவிட்டன.

மூக்கியும் கூட்டமும் வந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

"என்ன ஆத்தா இப்பிடிக் கெடக்கு?"

"செத்துக்கிட்டிருக்கு. நீங்க பண்ணுன வேலைதான்."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே காட்டுக்குத் திரும்பியது. மூக்கி மட்டும் போகவில்லை. அவளுக்குச் சந்தேகம். "நான் நாலஞ்சு நாள் இருந்து பாத்துட்டுப் போறேன். நெசமாவே செத்துச்சுன்னா எனக்கும் வருத்தந்தான்" என்று வேலியில் உட்கார்ந்துகொண்டாள்.

தவிட்டாயி இதைச் சடையனிடம்கூடச் சொல்லவில்லை. அவனுக்கு மெதுவாகப் பேச வராது. அவன் காதில் ரகசியம் சொன்னால் "அப்பிடியா?" என்று அவன் கேட்பதே ஓடைக்கரை வரைக்கும் கேட்கும். அதனால் அவனும் மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்றே நம்பி, முகம் தொங்கிப்போய் நடமாடினான். அதுவும் ஒரு வகையில் உபகாரமாகத்தான் இருந்தது.

பூசின நாலாம் நாள் ஆவணி பிறந்தது. நாட்டாமை குமராண்டி வந்தார். மரத்தைப் பார்த்தார். செங்காவி நிறத்தில் இலைகள் வதங்கித் தொங்கின. "என்ன தாயி இது?" என்றார். அப்போது மூக்கி வேலியிலிருந்து பறந்துவந்து அவருடைய உருமாலில் உட்கார்ந்ததைத் தவிட்டாயி பார்த்தாள். அவருக்குத் தெரியவில்லை.

"செத்துப்போச்சுங்க" என்றாள்.

சடையன் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். நாட்டாமைக்கு அவர்களை அனுப்ப மனசில்லை. இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை எடுத்தார். "எதுக்கும் பட்டையக் கீறிப் பாப்போம். உள்ளுக்குள்ள பச்சை இருந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம். அதையே கணக்குல எடுத்துக்கிறேன்" என்றார்.

ஒரே ஒரு கீறல் போதும். பட்டைக்குக் கீழே பச்சை இருந்தது தவிட்டாயிக்குத் தெரியும். மேடு அவர்களுடையதாகிவிடும். ஆனால் அந்தப் பச்சையை நாட்டாமை பார்க்கிற அதே நேரத்தில் உருமாலில் இருக்கிறவளும் பார்ப்பாள். விடிவதற்குள் கொழுந்து ஒன்று மிஞ்சாது. மரத்தின் கடைசித் துளிர் அது. மேடா, மரமா என்று நின்றது.

தவிட்டாயி போய் மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"வேணாங்கய்யா. செத்ததைக் கீறி என்ன ஆகப்போகுது? வளத்த எனக்குத் தெரியாதா? கெளம்பிப் போயிருறோம்."

நாட்டாமை கத்தியை மடக்கினார். உருமாலில் மூக்கி தன் மூக்கைச் சொறிந்தாள். வளர்த்தவளே சொல்லிவிட்டாள், இனி இருந்து என்ன பண்ண என்று எழும்பி, மலைப்பக்கம் போய்விட்டாள். தவிட்டாயி மூச்சு விட்டாள். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. ஊர் முழுக்கப் பேச்சுப் பரவினால் மலைவரைக்கும் போக எவ்வளவு நேரமாகும்.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றாள். "ஆடு நெறமாசமா இருக்கு. அது குட்டி போடுற வரைக்கும் இருந்துக்கிறோம்."

நிறைமாச உயிரை ஊரைவிட்டு நடக்கவிடுவது அந்த ஊரில் பாவம். "சரி. குட்டி போட்ட மறுநா வருவேன்" என்று நாட்டாமை போனார்.

தவிட்டாயி நேரே ஆட்டிடம் போனாள். "ஏத்தா, பத்து நாள் தாங்குவியா?"

"அது எங் கையிலயா இருக்கு?" என்றது ஆடு. "நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

அந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று சொல்ல முடியாது. சடையன் அவளோடு பேசவில்லை. கீறிப் பார்க்கவிடாமல் தடுத்தவளோடு பேச அவனுக்கு என்ன இருக்கிறது. மரமும் பேசவில்லை. சட்டி கழுவின தண்ணீரை வேண்டாததைக் கொட்டுகிற மாதிரி மரத்தடியில் கொட்டிவிட்டு, "ஏ குப்பை" என்று திட்டிவிட்டு வருவாள். மரகதமும் தன்னைப்போலக் கோபத்தை வைத்துக்கொண்டே வளர்ந்துவிடுமோ என்ற பயம்தான் அவளுக்கு மேட்டைவிடப் பெரிதாக இருந்தது.

எட்டாம் நாள் ஆடு முனகியது. "இன்னும் ஒரு நாள், என் கண்ணுல்ல" என்று அதன் வயிற்றைத் தடவிக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் இரண்டு குட்டி போட்டது. அன்று சாயங்காலம் நல்ல மழை. சடையன் சட்டிகளைக் கட்டிவைத்தான்.

மறுநாள் காலையில் நாட்டாமை மேடேறி வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மழை செம்மண்ணைத் துப்புரவாகக் கழுவிவிட்டிருந்தது. மரகதம் ஆள் உயரத்துக்கு, உச்சி முதல் அடிவரை பச்சையாக, தலை நிமிர்ந்து நின்றது. சடையன் கட்டின மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து பார்த்தான். மூட்டை கீழே விழுந்து ஒரு சட்டி உடைந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூக்கியும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்துவிட்டாள். ஒரு இலையில் உட்கார்ந்து மூக்கை இறக்கிப் பார்த்தாள். இறங்கவில்லை. இன்னொன்றில் பார்த்தாள்.

"ஏமாத்திட்டியே ஆத்தா" என்றாள்.

"ஆமா. எங்க அம்மாட்டப் படிச்சேன்."

"அவ யார ஏமாத்துனா?"

"எமனை."

மூக்கி தன் மூக்கை மடக்கிக்கொண்டாள். "அப்பிடின்னா நானெல்லாம் எம்மாத்திரம்" என்று எழுந்து காட்டுக்குப் போனாள்.

நாட்டாமை இலையை விரலால் சுண்டிப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. "அன்னைக்கே உள்ள பச்சை இருந்திருக்கு, மேடு ஒங்களுதுதான். அதுல பேச்சே இல்ல. ஆனா இந்தச் சூது ஒனக்கு எப்பிடித் தெரியும் மாணிக்கம்மா?" என்று கேட்டார்.

"எம் பேரு மாணிக்கம்மா இல்லைங்க. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றாள் அவள். "எம் பேரு தவிட்டாயி."

நாட்டாமை இலையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "எந் தம்பி பேரு பிச்சை" என்றார். "எனக்கும் அவனுக்கும் நடுவுல மூணு போயிருச்சு." அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. சடையன் மூட்டையை அவிழ்த்து, உடையாத சட்டியை அடுப்பில் ஏற்றினான். அன்றைக்கு அந்த மேட்டில் சீம்பால் காய்ச்சினார்கள்.

எல்லாரும் போன பிறகு தவிட்டாயி மரத்தடிக்குப் போய், தான் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மரகதம் பதில் பேசவில்லை. காற்றுகூட அசையவில்லை. அம்மாவிடம் தானும் அப்படித்தானே இருந்தோம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

ஐப்பசியில் மறுபடி மொட்டுகள் புடைத்தன. தவிட்டாயி செம்மண்ணைக் குழைத்து எடுத்துக்கொண்டு விடிந்ததும் போனாள். மரத்தைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்தாள். யாரும் பூசாமலே, யாரும் சொல்லாமலே, கொழுந்து அத்தனையும் செம்மண் நிறத்தில் வெளியே வந்திருந்தது. வந்ததோடு தலையையும் தொங்கப்போட்டுக்கொண்டு, அசல் வாடல் மாதிரியே நின்றது. தான் தன் அம்மாவிடம் கடைசிவரை சொல்லாமல் விட்டதை மரம் தன்னிடம் சொல்லிவிட்டது என்று தவிட்டாயிக்குப் புரிந்தது. வேலியில் மூக்கி இருக்கிறாளா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "ஏ குப்பை" என்றாள். அந்தக் குரலில் இருந்ததை மரம் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்துதான் மாமரம் வாயைத் திறப்பதில்லை. அன்றிலிருந்துதான் அது தன் தளிரைச் செம்மண் பூசின முகத்தோடு, தலை தொங்கத் தொங்க வெளியே அனுப்புகிறது. ஏமாறாத மூக்கிகளும் அங்கங்கே இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் இலை முற்றி மூக்கு இறங்காது என்று ஆன பிறகுதான், ஒரு காலை நேரம் பார்த்து, எந்த மாமரமும் தன் பிள்ளைகளின் தலையை நிமிர்த்திப் பச்சையைக் காட்டுகிறது.